பின்வாசல் வழியே வந்த ஆடம்பரம்

"இன்னையிலேர்ந்து இந்த வீட்டுல பகட்டுங்கற பேச்சுக்கே இடமில்ல!"

தையல்காரர் இப்படி அறிவித்தபோது அவர் வாய் நிறையக் குண்டூசி இருந்தது. ஆகவே அறிவிப்பு பல்லிடுக்கில் கோணிக்கொண்டுதான் வெளியே வந்தது.

"எந்தப் பேச்சுக்கு?" என்றாள் மனைவி.

அவர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மேஜை மேலிருந்த பஞ்சுத் திண்டில் குத்தினார். அது முடிகிறவரை அவள் நின்றாள். பொறுமையாக நிற்பதில் அந்த அம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் வாயில் குண்டூசி காலியாவதற்காகக் காத்திருந்து பழகியவள். கையில் ஒரு துணியை மடித்து வைத்திருந்தாள். நீலப் பூப்போட்ட துணி. அறிவிப்புக்குக் காரணமே அந்தத் துணிதான்.

தையல்காரர் கோட்டு தைப்பவர். அவர் தைத்த கோட்டைப் போட்டால் கூனல் நிமிரும், தொப்பை ஒளியும் என்று பெயர். வக்கீல்கள் வருவார்கள், ஓட்டல் மேனேஜர்கள் வருவார்கள், கல்யாண மாப்பிள்ளைகள் வருவார்கள். கடை என்பது வீட்டின் தெருப்பக்கத்து அறை. அதை ஒட்டிக் கூடம். கூடத்துக்குப் பின்னால் துணிச் சுருள்களும் முடிந்த கோட்டுகளும் கிடக்கிற உள்ளறை. அதற்கும் பின்னால் சமையலறை, பின்வாசல், சந்து. ஊரிலுள்ள தோள்களையெல்லாம் அழகாக மூடியவர், தன் வீட்டுக் கூடத்து ஜன்னலை மட்டும் இத்தனை வருஷமாக மூடவில்லை. இவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே தெரு போகும். பார்த்துக்கொண்டே, "என்ன, சாப்பிட்டாச்சா?" என்று விசாரித்துவிட்டும் போகும்.

பூத்துணி, அவளுடைய தங்கை போன தடவை வந்தபோது ஆசையாகக் கொடுத்தது. "கூடத்துக்குத் திரை தைச்சுப் போடுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். துணி பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை அதே தங்கை கணவனோடு வருகிறாள்.

"அவ வரும்போது ஜன்னல் மொட்டையா நின்னா சங்கடப்படுவா. உங்களுக்கு ஒரு மணி நேர வேலை. தைச்சுக் குடுங்களேன்."

"கோட்டு தைக்கிற கை திரை தைக்குமா?"

"கோட்டு தைக்கிற கை போன மாசம் மேனேஜர் வீட்டு நாய்க்கு மேல்சட்டை தைச்சுதே."

"அது அவசரம்! நாய்க்குச் சளி!"

வாதத்தில் கால் வழுக்கினால் கொள்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது தையல்காரர் வழக்கம். இப்போதும் நின்றார்.

"திரை எதுக்கு? தெருவுல போறவன் பார்த்து ஆகான்னு சொல்றதுக்கு. அதுக்குப் பேரு பகட்டு. இந்த வீட்டுல இனிமே பகட்டா ஒரு பொருளைக் கண்டேன்னு வை, யாரு முதல்ல கேக்கறாங்களோ அவங்க கையில தூக்கிக் குடுத்துடுவேன். கெடிகாரக்காரர் சாட்சி!"

கெடிகாரக்காரர் என்பவர் பக்கத்துக் கடையில் கடிகாரம் பழுது பார்ப்பவர். இந்தக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வலது கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டு வந்திருந்தார். அது அவர் வழக்கம். அந்தக் கண்ணால் தையல்காரரையும், இன்னொரு கண்ணால் அந்த அம்மாளையும் பார்த்துவிட்டு, "சரி மாஸ்டர், சாட்சி" என்றார். பிறகு, "நாய்க்குச் சளியா!" என்று சிரித்தார். அவருக்குச் சிரிப்பு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

"எந்தப் பொருளானாலுமா?" என்று கேட்டாள் மனைவி.

"எந்தப் பொருளானாலும்!"

"யாரு வாங்கினதானாலுமா?"

"யாரு வாங்கினதானாலும்! சொன்னா சொன்னதுதான்."

"சரி, ஆண்டவன் சித்தம்" என்று சொல்லிவிட்டு, அவள் துணியோடு உள்ளே போனாள்.

இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில் தையல்காரருக்கே கொஞ்சம் ஏமாற்றம். இருந்தாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான். இனிமேல் திரை தைக்க வேண்டாம். அதைவிட முக்கியம், அவள் இனி வீட்டுச் சாமான் எதைப் பற்றியும் வாய் திறக்கமாட்டாள். அப்படி ஒரு நிலைமை அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது.

ஏனென்றால் அவர் ஒரு நாற்காலி வாங்கியிருந்தார்.

சாதாரண நாற்காலியா அது! ஈரல் நிறத்தில் மெத்தென்ற தோல். இரண்டு பக்கமும் கைகள் தலையணை மாதிரி பருத்திருக்கும். வலது பக்கம் ஒரு பிடி. பிடியை இழுத்தால் 'டக்' என்று முதுகு பின்னால் சாயும், அடியிலிருந்து ஒரு பலகை எழுந்து காலைத் தாங்கும். நாள் முழுக்கக் குனிந்து வெட்டுகிறவரின் முதுகுக்கு அது மருந்து. நாற்காலிக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அது இருந்த காலமெல்லாம், நூல் வாங்கப் போகிற சாக்கில் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வீட்டில் நூல் மலையாகக் குவிந்த பிறகு ஒரு நாள் துணிந்து வாங்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் பின்பக்கச் சந்து வழியாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலையில் அவள் தெருப் பெண்களோடு பிரார்த்தனைக்குப் போவாள். அந்த ஒரு வேளைதான் அவள் வீட்டை விட்டு நகருவது. அவள் திரும்பி வருவதற்குள் நாற்காலி கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சகலை வந்து பார்ப்பார். பார்த்து வாயைப் பிளப்பார். சகலை வாயைப் பிளக்கிற அந்தக் காட்சியைத் தையல்காரர் மனசுக்குள் பல தடவை ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அகலமாகப் பிளக்க வைத்திருந்தார்.

கடைக்காரன் சந்து வழியை நினைவில் வைத்திருந்தான். கிழமையை மறந்துவிட்டான்.

அன்றைக்கே, அறிவிப்பின் சூடு ஆறுவதற்குள், பின்வாசலில் ஒரு குரல். "ஐயா! நாற்காலி வந்திருக்கு!"

தையல்காரர் கத்தரிக்கோலும் கையுமாக ஓடினார். அவருக்கு முன்னாலேயே மனைவி கதவைத் திறந்திருந்தாள். இரண்டு ஆட்கள் நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சுற்றியிருந்த காகிதம் கிழிந்து, ஈரல் நிறம் வெயிலில் மின்னியது.

"யாருக்குங்க இது?" என்றாள்.

"முதுகுக்கு."

"பெரிய முதுகா இருக்கும் போல இருக்கே."

"வலி பெரிசு!"

"வலிக்கு நான் தைலம் தேய்ச்சு விடுறேனே. அது இருக்கட்டும். காலையில ஒண்ணு சொன்னீங்களே. பகட்டா ஒரு பொருளைக் கண்டா..."

"இது பகட்டா? சேச்சே! இது ஆடம்பரம்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணா! நல்லா இருக்கே கதை! இரு, காட்டறேன்." உள்ளறைக்கு ஓடி, தைத்து முடித்த ஒரு கோட்டை எடுத்து வந்தார்.

"ஐயா, கனக்குது" என்றார் ஆட்களில் ஒருவர்.

"கொஞ்சம் பொறுப்பா. நீயும் தெரிஞ்சுக்கோ. இதோ பாரு, கோட்டுக்கு வெளியில தங்க நிறத்துல பட்டன் வெச்சா அது எதுக்கு? எதிர்ல வர்றவன் கண்ணுக்கு. போட்டிருக்கறவனுக்கு அதால ஒரு சுகமும் கிடையாது. குளிர் தாங்குமா, வெயில் தாங்குமா? ஒண்ணும் இல்ல. அதுதான் பகட்டு. இப்ப உள்ளே பாரு." கோட்டைப் பிளந்து காட்டினார். "பட்டு லைனிங். யாருக்காவது தெரியுதா? தெரியாது. போட்டவன் தோலுக்கு மட்டும்தான் தெரியும். தேவைக்கு மேலதான், ஒத்துக்கறேன். சாதாரணத் துணியே போதும்தான். ஆனா அவன் தன் சுகத்துக்கு வெச்சுக்கறான். அது ஆடம்பரம். பகட்டு ஊர் கண்ணுக்கு, ஆடம்பரம் நம்ம உடம்புக்கு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றார் நாற்காலி தூக்கியவர்களில் மற்றவர். "இறக்கலாமா?"

மனைவி யோசித்தாள். "அப்ப, ஒரு பொருளை நாலு பேருக்குக் காட்டினா பகட்டு. யாருக்கும் காட்டாம நாமளே அனுபவிச்சா ஆடம்பரம்."

"அதேதான்! கற்பூர புத்தி உனக்கு!"

"பகட்டுதான் கூடாது. ஆடம்பரம் இருக்கலாம்."

"தாராளமா இருக்கலாம்!"

"சரி" என்று அவள் ஆட்களிடம் திரும்பினாள். "உள்ளறையில வெச்சுடுங்கப்பா. ஜன்னல் பக்கம் வேண்டாம், கோட்டு மாட்டியிருக்கற மூலையில. சத்தம் போடாம, சந்துல யாரும் பார்க்கறதுக்குள்ள."

"ஏம்மா, திருட்டுப் பொருளா?"

"இல்லப்பா. ஆடம்பரம்."

தையல்காரர் கோட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். கூடத்தின் நடுவில் இருந்த நாற்காலி அவர் மனசிலிருந்து மெல்ல நகர்ந்து மூலைக்குப் போனது. சகலையின் பிளந்த வாய் மூடிக்கொண்டது. மறுத்துப் பேசலாம் என்றால், பேச வேண்டியதையெல்லாம் அவரே பேசி முடித்திருந்தார்.

அன்று சாயங்காலம் அவள் மறுபடியும் பூத்துணியோடு வந்தாள். கூடவே, கடையில் மிச்சம் கிடந்த மண் நிறத் துணி ஒன்றையும் கொண்டுவந்தாள்.

"திரை வேண்டாம்னு சொல்லியாச்சே!"

"பகட்டுத் திரைதானே வேண்டாம்? இந்த மண் நிறத் துணியைத் தெருப்பக்கம் வெச்சுடுங்க. பூத்துணி உள்பக்கம் இருக்கட்டும். லைனிங் மாதிரி."

தையல்காரர் வாயைத் திறந்தார். வாயில் குண்டூசி இல்லை. பஞ்சுத் திண்டிலிருந்து இரண்டை எடுத்துக் கவ்விக்கொண்டார்.

"ஊர் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாள் அவள் சாந்தமாக. "நம்ம சுகத்துக்குத்தான்."

ஒற்றைத் துணியில் முடிந்திருக்க வேண்டிய வேலை இரட்டைத் துணி வேலையாகிவிட்டது. இரவுச் சாப்பாடு வரைக்கும் உட்கார்ந்து தைத்தார்.

அதற்கப்புறம் வந்த நாட்களை என்னவென்று சொல்வது! தினமும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, உள்ளறைக்குப் போய், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பிடியை இழுப்பார். டக். முதுகு சொர்க்கத்துக்குப் போகும். ஆனால் மனசு கூடவே போகாது. கதவைப் பார்த்தபடி கிடப்பார். சோபையான ஒரு நாற்காலியில், காலை நீட்டிக்கொண்டு, மனுஷன் ராஜா மாதிரி சாய்ந்திருக்கிறான்; பார்ப்பதற்கு ஒரு ஆள் கிடையாது, மேலே தொங்குகிற வக்கீல் கோட்டுகளைத் தவிர. கோட்டுகளுக்குத் தலையும் கிடையாது. உடம்புக்குத்தான் ஆடம்பரம் என்று அவர் சொன்னது வாஸ்தவம். உடம்பு பூராவும் அனுபவித்தது. அதைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாய்தான் கிடந்து தவித்தது. வாயும் உடம்பில் சேர்த்திதானே!

போதாக்குறைக்குக் கெடிகாரக்காரர் வேறு.

"மாஸ்டர், உங்க வீட்டுல மத்தியானம் ஏதோ ஒரு ஸ்பிரிங் ஓடுது" என்றார் ஒரு நாள். சுவர் பொதுச்சுவர். அவர் காதோ டிக் டிக் கேட்டுக் கேட்டுக் கூர்மையானது. "பெரிய ஸ்பிரிங். நல்ல வேலைப்பாடு. சத்தமே சொல்லுது. சுவர்க் கடிகாரம் வாங்கினீங்களா?"

நல்ல வேலைப்பாடு! தையல்காரருக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கூடத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தினாள். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை.

"எலி" என்றார் தையல்காரர்.

"எலிக்கு ஸ்பிரிங்கா?"

"எலிப்பொறி."

"தினம் ஒரு எலி விழுதா!" என்று வியந்துகொண்டே போனார் கெடிகாரக்காரர். 'சொர்க்கத்தைப் போய் எலிப்பொறி என்று சொல்ல வேண்டியதாயிற்றே' என்று தையல்காரருக்கு அன்று தேநீர் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தங்கையும் வந்தாள், சகலையும் வந்தார்.

கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததும் தங்கை அப்படியே நின்றுவிட்டாள். "அக்கா! நான் குடுத்த துணி!" என்று ஓடிப்போய்த் திரையைப் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டாள். "பெட்டியில போட்டுட்டேன்னு நினைச்சேன்க்கா."

"பெட்டியில போடுவேனாடி?" என்றாள் அக்கா. ஆண்டவன் மன்னிக்கிற அளவுக்கு மட்டும் பொய்.

தையல்காரர் மனைவியைச் சமையலறைக்கு இழுத்துப் போனார். "பார்த்துட்டா! உன் தங்கச்சி பார்த்துட்டா! அப்ப திரை பகட்டாயிடுச்சு. கேக்கறவங்களுக்குத் தூக்கிக் குடு!"

"குடுத்தவளே அவதானே. தன் துணியைத் தானே பார்க்கறா. சரி, கேட்டா குடுத்துடலாம். கேக்கறாளான்னு போய்ப் பாருங்க."

தங்கை கேட்பதாக இல்லை. திரையின் மடிப்புகளைச் சரிசெய்து சரிசெய்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சகலை குளியலறைச் சாமான் வியாபாரம் செய்பவர். குழாய், தொட்டி, கைகழுவும் பீங்கான் எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். உட்கார்ந்ததும் கைப்பேசியை எடுத்தார்.

"சகலை, நம்ம வீட்டுல புதுசா ஒரு தொட்டி போட்டிருக்கேன், பாருங்க. மல்லாந்து படுத்துக் குளிக்கலாம். தலைக்குத் தலையணை. தண்ணி தானா சுழலும். இது பக்கத்துலேர்ந்து எடுத்தது. இது மேலேர்ந்து. இது விளக்குப் போட்டு எடுத்தது."

பேச்சுத் துணைக்கென்று மனைவி கெடிகாரக்காரரையும் தேநீருக்கு அழைத்திருந்தாள். அவர் பூதக்கண்ணாடியைக் கைப்பேசிக்கு அருகில் கொண்டுபோய், "தொட்டிக்குள்ள யாரோ இருக்காங்களே" என்றார்.

"நான்தான். அடுத்த படத்துக்குப் போங்க."

'கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறவரைக்கும் அது ஆடம்பரம். போட்டோ எடுத்து ஊரூராகக் கொண்டுபோனால் பகட்டு' என்று தையல்காரர் மனசுக்குள் தீர்ப்பு எழுதினார். எழுதிய கையோடு இன்னொன்றும் தோன்றியது. இந்த மனுஷன் தொட்டியைத் தூக்கி வராமலே காட்டிவிட்டான். நமக்கோ நாற்காலி பத்தடியில் இருக்கிறது, காட்ட வழியில்லை.

"உங்க வீட்டுல புதுசா ஒண்ணும் இல்லையா, சகலை? அதே பழைய பெஞ்சுதானா?" என்றார் சகலை. பெஞ்சைத் தட்டியும் பார்த்தார்.

தையல்காரரின் காது மடல் சிவந்தது. மனைவி பிஸ்கட் தட்டை நீட்டினாள். "நாங்க எளிமையா இருக்கறவங்க, தம்பி. பகட்டு இவருக்கு ஆகவே ஆகாது."

"ஆமாமா" என்றார் கெடிகாரக்காரர். "மாஸ்டர் சபதமே போட்டிருக்கார். பகட்டா எதையாவது கண்டா, முதல்ல கேக்கறவங்களுக்கு இனாம். நான்தான் சாட்சி."

"அடேங்கப்பா!" என்று சகலை சிரித்தார். "கேக்கலாம்னு பார்த்தா கேக்கற மாதிரி ஒண்ணுமே இல்லையே இங்க!"

அந்தச் சிரிப்பில் தையல்காரருக்குள் ஏதோ ஒரு தையல் பிரிந்தது.

"சகலை, எழுந்திருங்க" என்றார். "உங்களுக்கு ஒரு கோட்டு தைச்சுக் குடுக்கறேன். அளவெடுக்கணும். உள்ளே வாங்க."

"இங்கேயே எடுங்களேன்."

"டேப்பு உள்ளே இருக்கு."

"கழுத்துல தொங்குதே மாஸ்டர்" என்றார் கெடிகாரக்காரர்.

"இது... சின்ன டேப்பு. சகலைக்குப் போதாது."

சகலை தன் வயிற்றை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு எழுந்து பின்னாலேயே போனார்.

உள்ளறையில் நாற்காலி இருந்த இடத்தில் ஒரு கோட்டுக் குவியல் இருந்தது. இஸ்திரிக்குப் போக வேண்டிய கோட்டுகளையெல்லாம் மனைவி காலையில் அதன் மேல் அடுக்கியிருந்தாள். பார்த்தால் நாற்காலி என்றே தெரியாது. தையல்காரர் சகலையை அதற்கு எதிரில் நிறுத்தித் தோளை அளந்தார்.

"கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்க."

சகலை திரும்பினார். கோட்டுக் குவியலைப் பார்த்தார். கொட்டாவி விட்டார்.

"கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. கழுத்து அளவுக்கு."

குனிந்து பார்த்தார். "தரை நல்லா இருக்கு, சகலை" என்றார்.

"கால் வலிக்குதா?"

"இப்பதானே எழுந்தேன்."

"வலிக்கும், வலிக்கும். உட்காருங்க!" என்று சொல்லி, தையல்காரர் கோட்டுகளையெல்லாம் ஒரே வாரலாக வாரித் தரையில் போட்டார். வக்கீல் கோட்டுகள் காலடியில் விழுந்தன. அவர் கவலைப்படவில்லை.

சகலை உட்கார்ந்தார். "ம்" என்றார். கைப்பேசியை எடுத்தார். "அந்தத் தொட்டியோட குழாயைக் காட்டவே இல்லையே உங்களுக்கு."

இதற்கு மேல் ஒரு மனுஷன் பொறுக்க முடியுமா? தையல்காரர் குனிந்தார். பிடியைப் பிடித்தார். இழுத்தார்.

டக்!

சகலையின் தலை பின்னால் போனது. கால்கள் மேலே வந்தன. கைப்பேசி துணிச் சுருளுக்குள் போனது. "ஐயோ அம்மா!" என்று அவர் போட்ட கூச்சலில் கூடத்திலிருந்த எல்லோரும் உள்ளறை வாசலுக்கு ஓடி வந்தார்கள். முதலில் வந்தவர் கெடிகாரக்காரர்.

"இந்த ஸ்பிரிங்தான்!" என்று கத்தினார். "எலிப்பொறி!"

சகலை அசையாமல் கிடந்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொன்றை. கைகளை அந்தப் பருத்த கைகளின் மேல் மெல்லப் பரப்பினார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வாய் தானாகவே திறந்தது. தையல்காரர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்ததைவிடவும் அகலமாகவே பிளந்தது.

"என்னங்க" என்றாள் மனைவி.

வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றாள். கோபம் இல்லை, குத்தல் இல்லை. காலையில் விளக்கேற்றும்போது இருக்கிற அதே முகம். "தம்பி பார்த்துட்டாரு."

"அளவெடுக்கத்தான்..."

"என் தங்கச்சி பார்த்துட்டா. அண்ணனும் பார்த்துட்டாரு, அதுவும் பூதக்கண்ணாடி போட்டு. அப்ப இது இப்ப என்னங்க?"

தையல்காரர் தரையில் கிடந்த கோட்டுகளைப் பார்த்தார். உள்பக்கம் வெளியே தெரிய, பட்டு லைனிங்கெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"முதுகுக்குத்தான் வாங்கினேன்" என்றார் ஹீனமாக.

"மாஸ்டர் சொன்ன சொல் மாறமாட்டார்" என்றார் சாட்சி. "கோணல் பட்டன் வெச்சதா அவர் மேல ஒரு பேச்சு உண்டா?"

அப்போதுதான் சகலைக்குச் சபதம் நினைவுக்கு வந்தது. சாய்ந்த வாக்கிலேயே கையை உயர்த்தினார். "சகலை! இந்த நாற்காலியை எனக்..."

தையல்காரர் நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டார். குளியலறையில், அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில், தன் நாற்காலி போட்டோவுக்கு நிற்பது கண் முன்னால் தெரிந்தது. பக்கத்திலிருந்து ஒன்று. மேலேயிருந்து ஒன்று. விளக்குப் போட்டு ஒன்று.

"எனக்குக் குடுத்துடுங்க" என்றாள் மனைவி.

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"மாஸ்டர் வீட்டம்மாதான் முதல்ல" என்று தீர்ப்புச் சொன்னார் கெடிகாரக்காரர். "தம்பி, 'எனக்'லயே நிக்கறார். 'கு' வரல."

தையல்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனந்த அழுகை. என்ன சமயோசிதம்! என்ன மனசு! இப்படிப்பட்ட பெண்சாதியிடமா ஒரு திரைக்குக் கணக்குப் பார்த்தோம்? "எடுத்துக்கோ!" என்று கூவினார். "உனக்கு இல்லாததா! சகலை, மன்னிக்கணும், சொல்லு சொல்லுதான். எழுந்திருங்க!"

சகலையை எழுப்புவதுதான் கஷ்டமாக இருந்தது.

"இங்க வேண்டாம், யாராவது வர்ற இடம்" என்றாள் அவள். "சமையலறையில பின்பக்க ஜன்னலோரம் போட்டுடலாம். அங்க என்னைத் தவிர ஒருத்தரும் வரமாட்டாங்க."

ஆண்கள் மூவருமாகத் தூக்கினார்கள். சகலை ஒரு பக்கம், கெடிகாரக்காரர் ஒரு பக்கம். கனமான பக்கத்தைத் தையல்காரரே ஆசையோடு பிடித்துக்கொண்டார். முதுகு சுளுக்கிக்கொண்டது. பரவாயில்லை. அதற்குத்தான் நாற்காலி இருக்கிறதே!

விருந்தாளிகள் கிளம்பும்போது தங்கை மறுபடி ஒரு தடவை திரையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். சகலை வாசலில் நின்று, நாற்காலி விற்கிற கடை எந்தத் தெருவில் என்று கேட்டுக்கொண்டு போனார். தையல்காரர் வழியைக் கொஞ்சம் சுற்றிச் சொன்னார்.

கதவைச் சாத்திவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவர் மெல்லச் சமையலறைப் பக்கம் நடந்தார். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. தெறிக்கட்டும், இன்னும் நாலு எட்டுதான்.

நாற்காலியில் மனைவி இருந்தாள். நன்றாகச் சாய்ந்து, கால் இரண்டையும் பலகை மேல் நீட்டி, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பிரார்த்தனைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் பக்கத்தின் மேல் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவள் உட்கார்ந்து படித்து அவர் பார்த்ததில்லை. நின்றுகொண்டு படிப்பாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு படிப்பாள்.

அவர் தொண்டையைக் கனைத்தார். பக்கம் புரண்டது.

"நல்லா இருக்கா?"

"ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்குங்க. நீங்க சொன்னது ரொம்ப சரி. யாரும் பார்க்காம இருக்கறதுதான் சுகம்."

"அது சரி... என் முதுகு?"

"அடுப்பு மேல தைலம் சூடா இருக்கு. தேய்ச்சு விடறேன்."

தையல்காரர் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். "நடுநடுவுல நானும் கொஞ்சம் உட்கார்ந்துக்கக் கூடாதா?"

அவள் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். கருணை நிறைந்த பார்வை.

"தாராளமா உட்காருங்க. திங்கட்கிழமை காலையில நான் பிரார்த்தனைக்குப் போயிருப்பேன், அப்ப உட்காருங்க. மத்த நேரத்துல வேண்டாங்க. நான் பார்த்துட்டா பகட்டாயிடும்."